மீசை பார்டர்

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அதனால் கெட்டது பிரபா.

இளம்பிள்ளையில் தனபாலின் சேலைக் கம்பெனியில் நானும் அவனும் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்கள். நான் போடுவதெல்லாம் பழைய மாங்காயைத் திருப்பிப்போட்ட புது மாங்காய்தான். எட்டு வருஷமாக அதற்குத்தான் சம்பளம். பிரபா அப்படியில்லை. சாப்பிட்டதும் மேசையில் தலையைச் சாய்த்து இருபது நிமிஷம் தூங்குவான். எழுந்து முகம் கழுவிவிட்டு, "அக்கா, மூணு பொருள் சொல்லுங்க" என்பான். வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அதையெல்லாம் ஒரே பார்டருக்குள் அடைப்பான். இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பிறகு ஆறு மணிவரை அவன் தலை நிமிராது.

ஒருநாள் கொய்யா, குடை, முதலாளி மீசை என்றேன். மீசை கொடியானது, குடை பூவானது, கொய்யா மொட்டானது. அந்த பார்டர் நாலு மாதம் தறியை விட்டு இறங்கவில்லை.

முதலாளி பூரித்துப்போய் என்னிடம் வந்தார். "ஏம்புள்ள மலரு, பிரபா இதை எப்படிப் போட்டான்?"

அவனுக்குச் சம்பளம் ஏறட்டும் என்றுதான், மீசையை மட்டும் மறைத்துவிட்டுச் சொன்னேன். "சும்மா வெளையாட்டாத்தானுங்க போட்டான். அரை மணி நேரங்கூட ஆகலீங்க."

"வெளையாட்டுக்கே இப்படின்னா, வேலை செஞ்சா எப்படிப் போடுவான்!" என்றார்.

மறுநாளே தலைக்கு மேல் கேமரா வந்தது. தூக்கம் கூடாது, சிரிப்புக் கூடாது, பிரபா தினம் நாலு டிசைன் போட வேண்டும். போட்டான். இரண்டே மாதத்தில் என்னுடையதைவிட மட்டமான மாங்காய்கள். கண் சிவந்து உட்கார்ந்திருப்பான். ஒருநாள் மெதுவாக, "பூட்டு, புடலங்கா, பஸ்ஸு" என்றேன். கேமராவைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். முதலாளியிடம் போய் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அப்போது மட்டும் எனக்கு வாய் வரவில்லை. என் வேலையும் போய்விட்டால்?

ஆவணியில் அவனை நிறுத்திவிட்டார். "அவங்கிட்டச் சரக்குத் தீந்துபோச்சு" என்றார். பிரபா பையை மாட்டிக்கொண்டு, "நீங்க நல்லதுக்குத்தானுங்கக்கா சொன்னீங்க" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மத்தியானமே முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தீவாளிக்கு நல்லதா ஒண்ணு போடோணும் சாமி. நீயுந்தான் கொஞ்சம் வெளையாடிப் பாரேன்."

"சரிங்க" என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. நான் விளையாடுவதைப் பார்க்கக் காத்திருந்தார்.