புறங்கையால் தொட்ட மூக்கு

1

இந்தக் கதை எனக்கு நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவமனை வாசலில் கிடைத்தது. என் நாய்க்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் மடியில் செவலை நாயோடு உட்கார்ந்திருந்தார். நொடிக்கொரு தரம் அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். தொட்டுவிட்டுத் தனக்குத் தானே, "ஜில்லுனுதான இருக்குது" என்றார்.

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவர் பெயரும் தெரியாது, நாய்க்கு என்ன கேடு என்பதும் தெரியாது. இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. அந்தப் புறங்கையை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் லேசில் வரவில்லை.

"நாயின் மூக்கு காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் அது நோயின் அறிகுறி என்று பலரும் கருது

[மருந்துக் கடையில் கொடுக்கும் துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.]

"சித்திரை வெயில் கொல்லிமலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த

[வெயில் தன் பாட்டுக்கு ஏறட்டும். நாய் எங்கே?]

"அன்பழகன் லாரியை நிறுத்தினால் முதலில் டீக்கடைக்குப் போக மாட்டார்."

இதில் ஆள் இருக்கிறார். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அன்பழகன் லாரியை நிறுத்தினால் முதலில் டீக்கடைக்குப் போக மாட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லை பேரிங்கில் கிரீஸ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சூடு இல்லையென்றால் கவலை இல்லை, கிளம்பலாம்.

(ஏன் புறங்கை என்று பெட்ரோல் பங்கில் ஒரு டிரைவரைக் கேட்டேன். "உள்ளங்கை வெந்துபோச்சுன்னா ஸ்டியரிங்க எதுலீங்க புடிக்கறது?" என்றார். எழுதுகிறவனுக்கு இதெல்லாம் யாராவது சொன்னால்தான் உண்டு.)

அன்பழகனுக்கு நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு. கிளீனர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் ஜாக்கி என்ற செவலை நாய் உட்கார்ந்து போய்வந்தது. சக்கரங்களைப் பார்த்து முடித்த கை கடைசியாக ஜாக்கியின் மூக்குக்கு வரும். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தால், "ரைட், போலாம் சாமி" என்பார். லோடு இறக்கும்போது விரிசல் விட்ட முட்டை ஒன்று ஜாக்கிக்கு உண்டு.

ஒரு சித்திரை மதியம் மூக்கு காய்ந்து வெதுவெதுவென்று இருந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். நாய்க்கு ஈரத்துண்டைப் போர்த்தி, வந்த வழியே வண்டியைத் திருப்பி கால்நடை டாக்டர் தேவிப்ரியாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"எங்கீங்க படுத்திருந்துச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"இன்ஜின் மூடி மேலதானுங்க. அதுதான் அவனுக்கு மெத்தை."

"அப்பறம் மூக்கு காயாம என்னங்க பண்ணும்? தூங்கி எந்திரிச்சாலே காஞ்சுதான் இருக்கும். நல்லா சாப்படுது, துள்ளுது. ஒண்ணுமில்லீங்க. வெயில் காலத்துல மட்டும் ஊட்டுல உட்டுட்டுப் போங்க."

காய்ந்த மூக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்று அன்பழகன் தெரிந்துகொண்டார். ஈர மூக்கை நம்பி இருந்துவிடவும் கூடாது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. நல்லா இருக்கிற நாயைப் பற்றி அதற்கு மேல் யார் கேட்கப்போகிறார்கள்?

4

ஜாக்கி பரமத்தி வேலூர் வீட்டில், அன்பழகனின் மனைவி ராசாத்தியோடு தங்கியது. இந்த ராசாத்தியிடம்தான் நான் தடுமாறினேன். முதல் பிரதியில் அவள் போனில் அழுதுகொண்டே இருந்தாள்.

"எனக்கென்னங்க தெரியும், நான் பொம்ப

[அடித்துவிட்டேன். கறவை மாடு வைத்திருப்பவள் இப்படிப் பேச மாட்டாள்.]

அவளுக்கும் மூக்கு தெரியும். பால் பீச்சப் போகும்போது மாட்டின் மூக்கில் வேர்வை முத்து முத்தாக நின்றால் மாடு நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல். வருசக்கணக்கில் அது அவளைக் கைவிட்டதில்லை. அவருக்குச் சக்கரம், இவளுக்கு மாடு. இருவரும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கொண்டுபோய் நாயிடம் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"ஏனுங்க, ஜாக்கி நேத்திருந்து சோறே திங்கலீங்க" என்று லோடோடு போயிருந்த அன்பழகனுக்கு ஒரு நாள் போன் செய்தாள்.

"மூக்கு எப்பிடி இருக்குது?"

"ஈரமா, ஜில்லுனுதானுங்க இருக்குது."

"அப்பறம் என்ன புள்ள? என்னையத் தேடுவான். லோடு எறக்குன ஒடனே வாரேன்."

ராசாத்திக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் ஜாக்கி தண்ணீருக்குக் கூட எழவில்லை. அவள் மறுபடி போன் செய்தாள். அன்பழகன் பாலக்காட்டில் இருந்தார்.

"ஸ்பீக்கர்ல போட்டு அவன் காதுகிட்ட வெய்யி" என்று சொல்லிவிட்டு லாரியின் ஹாரனை அடித்தார்.

தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், ஜாக்கி குடத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஓடும். இப்போது வால் நுனி மட்டும் மண்ணில் ஒருமுறை அசைந்தது.

"எந்திரிச்சானா?"

"இல்லீங்க."

மறுபடியும் ஹாரன். நீளமாக.

"போதுமுங்க, அடிக்காதீங்க. கேக்குதுங்க அவனுக்கு. எந்திரிக்க முடியலீங்க."

ஹாரன் நின்றது. பிறகு அன்பழகன், "மூக்கை உடு புள்ள. ஆட்டோ புடிச்சு டாக்டரம்மாகிட்டத் தூக்கிட்டுப் போ. நான் வாரேன்" என்றார்.

(இந்த இடத்தை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நானே இட்டுக்கட்டிய நாய்க்காக நானே அழுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.)

5

டாக்டர் மூக்கைத் தொடவே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். காது மடலைப் புரட்டினார். உள்ளே உண்ணிகள் அப்பிக் கிடந்தன.

"ஈறு எப்பிடி வெளுத்திருக்குது பாருங்கக்கா. உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்குது. ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருச்சு."

"மூக்கு ஜில்லுனு இருந்துச்சுங்களே?"

"இருக்குங்கக்கா. சாகக் கெடக்குற நாய்க்கும் சில நேரம் அப்பிடித்தான் இருக்கும். திங்குதா, எந்திரிச்சு நடக்குதா, ஈறு செவப்பா இருக்குதா, அதைப் பாக்கோணும்."

ராசாத்தி முந்தானையால் ஜாக்கியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். டாக்டர் ரத்தம் எடுத்து, காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். மருந்து பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் ஜாக்கி மறுபடி லாரி ஏறுகிறது. இன்னொன்றை இங்கே சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் மனைவி மஞ்சுளா இதுவரை படித்துவிட்டு, "நாயைக் கொன்னீங்கன்னா இனி உங்க கதை எதையும் தொட மாட்டேன்" என்றாள்.

"பொழச்சுக்கிச்சுன்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா எனக்காவ எழுதுனீங்கன்னு எனக்குத் தெரியுமில்ல?"

அதோடு இரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன். பெஞ்சில் இருந்த அந்த மனிதர் எதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்று தெரியாமல், நான் எப்படி முடிப்பது? என்னால் கொண்டுவர முடிந்தது இவ்வளவுதான்:

அன்பழகன் வந்துவிட்டார். லாரியை மருத்துவமனை வாசலில் நிறுத்தினார். சக்கரங்களைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து ஜாக்கியின் பக்கத்தில் குந்தினார். வலது கை பழக்கத்தில் திரும்பிக்கொண்டு மூக்குக்குப் போனது, பாதியில் நின்றது. சட்டைப் பையிலிருந்து வேகவைத்த முட்டை ஒன்றை எடுத்து உரித்து, பிட்டு, உள்ளங்கையில் வைத்து ஜாக்கியின் வாயருகே நீட்டினார்.

"சாமி" என்றார்.

ஜாக்கி கண்ணைத் திறந்தது. அதன் வாய்

இந்த வாக்கியம் சில வாரங்களாக இப்படியே கிடக்கிறது. அன்பழகனின் கையும் நீட்டியபடியே இருக்கிறது. ராசாத்தி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். எட்டிப் பார்க்கப் பயம். அங்கிருந்தே, "திங்குதுங்களா?" என்று கேட்கிறாள்.

அவளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.