தோளைப் பற்றி ஒரு வார்த்தை

மைதானத்துப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோது கர்ட்டின் அழைப்பு வந்தது. வெர்ன் நொவாட்னி வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். பெல்மர் உயர்நிலைப் பள்ளியில் அவர்தான் வேதியியல் ஆசிரியர், அவர்தான் ஃபுட்பால் கோச், மே மாதத்தில் புல் வெட்டுகிறவரும் அவரேதான். நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கும் அந்த ஊரில் பதினொரு பேர் ஆடும் அணிக்கு மாற்று ஆட்களையும் சேர்த்து ஆள் தேறாது. எட்டுப் பேர் வைத்து ஆடும் ஆட்டம்தான். தலையிலும் தோளிலும் கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அந்த ஆட்டத்தை அவர் இருபத்திரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொடுத்துவந்தார். அத்தனை வருடங்களில் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் தங்கள் அணிக்கு ஆள் பொறுக்க ஒருவர்கூட வந்து அந்த வேலியோரம் நின்றதில்லை. விமானத்தில் இறங்கி நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்து ஒரே ஒரு பையனைப் பார்த்துவிட்டுப் போக யாருக்குப் பொழுது இருக்கிறது?

"கோச், உங்க பையன் இங்க எல்லாரையும் கலங்கடிக்கிறான்," என்றான் கர்ட். "வசந்தகாலப் பயிற்சி ஆரம்பிச்சு எட்டே நாள்தான் ஆகுது. மூணு பெரிய பல்கலைக்கழகம் வந்து நிக்குது. முழு உதவித்தொகை. நம்ப முடியுதா?"

வெர்ன் நம்பினார். நம்பியதுதான் வலித்தது.

கர்ட் ஹெய்ன்ஸ் ஆறு வருடம் பெல்மரில் அவருக்குக் கீழே உதவிக் கோச்சாக இருந்தவன். ஆட்டத்தில் அவனுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி வெர்னின் சமையலறை மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி நகர்த்திக் கற்றுக்கொண்டது. பிறகு டெக்சாஸ் போனான். டாலஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகர்ப் பள்ளிக்கு இப்போது தலைமைக் கோச். மழை பெய்தாலும் பயிற்சி நிற்காத கூரை போட்ட மைதானம், பதினொரு உதவிக் கோச்சுகள், வீடியோவை வெட்டி ஒட்ட மட்டும் தனியாக ஒரு ஆள். விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம். ஆள் பொறுக்க வருகிறவர்கள் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி, சாயங்காலம் இன்னொன்று என்று பழக்கடையில் பழம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே போவார்கள்.

கர்ட் சொன்ன பையன் பெயர் ஏமஸ் ரீடல், ஜனவரிவரை வெர்னின் அணியில் இருந்தவன். ஆறடி ஐந்தங்குலம், பதினேழு வயது, பந்து வைத்திருப்பவனை நெருங்கவிடாமல் எதிரிகளை மறிக்கிற முன்வரிசைக்காரன். வெர்ன் தன் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த ஆட்டக்காரன் அவன்தான். இனி ஒருவனைப் பார்க்கப்போவதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் அவனுடைய ஆட்டங்களை ராத்திரி ராத்திரியாக வெட்டி நாற்பது பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார். இரண்டு பதில் வந்தது. இரண்டும் இயந்திரம் அனுப்பிய பதில். ஜனவரியில் ஏமஸின் அப்பாவுக்கு டாலஸ் பக்கம் வெல்டிங் வேலை கிடைத்துக் குடும்பமே கிளம்பிப் போனது. அந்த வேலையைப் பிடித்துக்கொடுத்ததே கர்ட்தான் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது பொய் என்று வெர்னுக்குத் தெரியும். ஆனால் காபிக் கடையில் யாராவது அதைச் சொன்னால் மறுத்துப் பேசமாட்டார். கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"நாளைக்கு பூன்னு ஒருத்தர் உங்களைக் கூப்பிடுவார்," என்றான் கர்ட். "மூணு பேர்ல பெரிய ஆள் அவர்தான். பழைய கோச்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கணுமாம். நல்லதா நாலு வார்த்தை சொல்லிடுங்க கோச்."

"சொல்லாம இருப்பேனா?" என்றார் வெர்ன். போனை வைத்துவிட்டு மிச்சப் புல்லை வெட்டினார். அன்று கோடுகள் கோணலாக விழுந்தன.

மறுநாள் வகுப்பு முடிந்து சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பூன் கூப்பிட்டார். தெற்கத்திக்காரர்களுக்கே உரிய வெண்ணெய் தடவிய பேச்சு.

"கோச் நொவாட்னி, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? கர்ட் ஹெய்ன்ஸ் பெரிய கில்லாடிங்க. எங்கேயோ மாட்டுப்பட்டிக்கு நடுவுல கிடந்த பையனை அஞ்சே மாசத்துல என்னமா செதுக்கிட்டான்! அந்தப் பையன் முதல் அடி வைக்கிறான் பாருங்க, பின்னங்கால் தரையை விட்டு எழும்பவே மாட்டேங்குது. அதெல்லாம் நல்ல கோச்சிங் இருந்தாத்தான் வரும்."

வெர்ன் தண்ணீர்க் குழாயை மூடினார். அந்த முதல் அடி. ரீடல் வீட்டு மாட்டுக் கொட்டகையில், வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கும் மூன்று குளிர்காலங்கள், சிமெண்டுத் தரையில் வெள்ளை டேப்பை ஒட்டி வைத்து அந்த ஒரே அடியை ஆயிரம் தடவை வைக்கச் சொன்னவர் அவர். பையன் காலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. அடுத்து பூன் கேட்பார் என்று காத்திருந்தார். 'உங்ககிட்ட இருந்தப்ப எப்படி?' என்று ஒரு கேள்வி. அது போதும்.

"படிப்பு எப்படி?" என்றார் பூன்.

"நல்லாப் படிப்பான்."

"குணம்?"

"தங்கமான பையன். ஒரு நாள்கூடப் பயிற்சிக்கு லேட்டா வந்ததில்ல."

"பிரமாதம். வேற ஒண்ணும் இல்லல்ல? அப்ப சரிங்க கோச், உங்க நேரத்தை வீணாக்க விரும்பல…"

"தோளை மட்டும் ஒரு தடவை பாத்துக்குங்க," என்றார் வெர்ன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் அவருக்குள் ஏதோ இனித்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவருடைய அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது.

"இடது தோள். போன அக்டோபர்ல ஒருதரம் கழண்டுச்சு. கர்ட் சொல்லலையா உங்ககிட்ட?"

கர்ட்டுக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பே இல்லை. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை தோள் நழுவியபோது ஊர் நர்ஸ்தான் இழுத்து உள்ளே தள்ளினாள். ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் தொண்ணூறு மைல் போக வேண்டும். அடுத்த வாரம் நாக்-அவுட் ஆட்டம். பன்னிரண்டு வருடம் கழித்து பெல்மர் அதற்குத் தகுதி பெற்றிருந்தது. "ஒண்ணும் இல்லடா, சதைப்பிடிப்புதான்," என்று சொல்லித் தன் கையாலேயே தோளைச் சுற்றி இறுக்கி டேப் ஒட்டி அனுப்பினார் வெர்ன். ஏமஸ் அதற்குப் பிறகு இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டாவதில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே இல்லை. அவர் பார்த்தார். எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கேட்டாரா?" என்றாள்.

"என்ன?"

"தோளைப் பத்தி அவர் கேட்டாரா, நீயா சொன்னியா?"

"உண்மையைத்தான் சொன்னேன் மார்லிஸ். பையனோட நல்லதுக்குத்தான்."

"அது சரி," என்றாள். பிறகு அன்று முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூனில் சேதி வந்தது. டாலஸில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தோள்மூட்டின் உள்விளிம்பு கிழிந்திருந்தது. இன்னும் நாலு மோதலில் நிரந்தரமாகப் போயிருக்கும் என்றாராம் டாக்டர். உடனே அறுவை சிகிச்சை. கடைசி வருட ஆட்டம் முழுக்கக் கிடையாது. மூன்று பல்கலைக்கழகங்களில் இரண்டு மெல்ல நழுவிவிட்டன. பூன் மட்டும் சொன்ன சொல் மாறவில்லை. கர்ட் போனில் பேசியபோது அவன் குரல் தரையில் கிடந்தது. "அஞ்சு மாசம் என் கண் முன்னாலேயே இருந்தான் கோச். எனக்குத் தெரியலையே. இங்க எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க." வெர்ன் ஆறுதலாக ஏதோ சொன்னார். சொல்லும்போதே, அவன் அழுதுவிடுவானா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவன் அழவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தைக் கண்டு அவருக்கே அருவருத்தது.

ஏமஸின் அம்மா டீனா போனில் அழுதாள். "இத்தனை பெரிய ஊர், இத்தனை கோச், ஒருத்தர் கண்ணுலயும் படலையே. அங்க இருந்துகிட்டு நீங்க ஒருத்தர்தான் எங்க பிள்ளையை நினைச்சீங்க. உங்களுக்கு என்ன கைம்மாறு செய்யப் போறோம்?" விஷயம் ஊரில் பரவியது. காபிக் கடையில் அவர் உட்கார்ந்ததும் கேட்காமலே ஆப்பிள் பை வந்தது. "டெக்சாஸ்காரனுக்குப் பணம் இருக்கு, கண்ணு இல்ல!" என்றார் தானியக் கிடங்கு நடத்துகிறவர். எல்லோரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்தார். பாதிப் பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

ஜூலையில் ஏமஸே கூப்பிட்டான். கையைத் துணியில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்களாம், சட்டைப் பொத்தான்கூடத் தானாகப் போட முடியவில்லையாம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் கன்றுகளைப் பற்றியும் பேசினான். பிறகு,

"கோச், நீங்கதான் பூன்கிட்ட சொன்னீங்களாமே?"

"ஆமாம்ப்பா."

"நல்லதாப் போச்சுன்னு அம்மா சொல்றாங்க."

"ம்."

"எனக்கு ஒண்ணுதான் புரியல. அது சும்மா சதைப்பிடிப்பு இல்லன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்னா, அக்டோபர்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் உக்காந்திருப்பேனே."

அவன் குற்றம் சாட்டவில்லை. வகுப்பில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கிற அதே குரல். அது இன்னும் மோசமாக இருந்தது. வெர்ன் வாயைத் திறந்தார். நாக்-அவுட் ஆட்டம், பன்னிரண்டு வருடம், யாராவது ஒருவர் வந்து வேலியோரம் நிற்கமாட்டாரா என்ற நப்பாசை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன.

"தோளைப் பாத்துக்கோ ஏமஸ்," என்றார் கடைசியில்.

"சரி கோச்," என்றான் அவன். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை, பயிற்சி முடியும் நேரத்தில் சாம்பல் நிற வாடகைக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து வேலியோரம் நின்றது. இறங்கியவர் பெரிய தொப்பைக்காரர். சிவப்புச் சட்டையின் மார்பிலும் முதுகிலும் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருந்த அந்தப் பல்கலைக்கழகச் சின்னம். பூன்.

"டென்வருக்கு வந்தேன். நாலு மணி நேரம்தானே, ஒரு எட்டு வந்துட்டுப் போயிடலாம்னு கிளம்பிட்டேன்," என்று வெர்னின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்தத் தொழில்ல ஒவ்வொருத்தனும் தன் பையனை விக்கத்தான் பாப்பான். உங்களை மாதிரி மனுஷனை நான் பாத்ததில்ல. நேர்ல ஒரு தடவை கையைக் குலுக்கணும்னு தோணுச்சு."

பையன்கள் மைதானத்தின் குறுக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். பத்து ஓட்டம் என்பது கணக்கு. அதில் எட்டு முடிந்திருந்தது.

"மிஸ்டர் பூன்," என்றார் வெர்ன். "அன்னிக்கு உங்ககிட்ட அதை நான் ஏன் சொன்னேன்னா…"

பூனின் போன் அடித்தது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அவர் கார்ப் பக்கம் நகர்ந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி யாருடனோ உரக்கச் சிரித்துப் பேசத் தொடங்கினார்.

அதற்குள் பையன்கள் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாவது ஓட்டம் வேறு மாதிரி இருந்தது. பத்தாவதில் கடைசியாக வருகிற குண்டுப் பையன்கூட முன்னால் இருந்தவனைத் தாண்டப் பார்த்தான். கணக்கு முடிந்துவிட்டது. அவர்கள் நிற்கவில்லை. கோட்டைத் தொட்டுத் திரும்பி, யாரும் சொல்லாமலே பதினொன்றாவது ஓட்டத்தைத் தொடங்கினார்கள். எதிர்க்காற்று, கண்ணில் மண். பத்தொன்பது தலைக்கவசங்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலிப் பக்கம் ஒரு தரம் சாய்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தன. வெர்ன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஒருவன் கோட்டருகே மண்டியிட்டு வாந்தி எடுத்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அந்தச் சிவப்பு முதுகைப் பார்த்தான். மறுபடியும் ஓடினான்.