பன்னிரண்டு பின்னங்கள்

ஜெயசித்ரா வகுப்புக்குள் நுழைந்ததும் கரண்ட் போனது. பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரி. கணித விரிவுரையாளர் வேலைக்கான மாதிரி வகுப்பு. ஜெயங்கொண்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து திரைக்காகத் தயாரித்த படங்கள் அவ்வளவும் வீண்.

"கரண்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?" கடைசி பெஞ்சிலிருந்து துறைத்தலைவர் வெற்றிச்செல்வி கேட்டார்.

"வேண்டாங்க மேடம், போர்டு போதும்."

சாக்பீஸை எடுத்தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, பன்னிரண்டோடு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை 1, 5, 7, 11. ஆக நான்கு. அந்த எண்ணிக்கைதான் ஃபை(12).

"பன்னெண்டோட காரணி ஒவ்வொண்ணுக்கும் ஃபை கண்டுபிடிச்சுக் கூட்டுங்க. திரும்பப் பன்னெண்டே வரும். எந்த எண்ணுக்கும் அப்படித்தான்."

"ஏன் வரணும்?" என்றாள் கொளஞ்சி என்ற மாணவி. குரலில் சண்டைக்கு இழுக்கும் தொனி.

புத்தகத்தில் இருந்த நிரூபணம் நீளமானது. ஆரம்பித்தால் பாதி வகுப்பு தூங்கிவிடும். சட்டென்று ஒன்று தோன்றியது. பன்னிரண்டு பேரை முன்னால் அழைத்து, 1/12 முதல் 12/12 வரை ஆளுக்கொரு பின்னம் எழுதிக் கொடுத்தாள்.

"சுருக்குங்க. கீழ ஒரே எண் வர்றவங்க ஒண்ணா நில்லுங்க."

தள்ளுமுள்ளு, சிரிப்பு. 6/12 வைத்திருந்த கொளஞ்சி 1/2 ஆகித் தனியாக நின்றாள். பக்கத்தில் 1/4, 3/4 என்று இருவர். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் கத்திவிட்டாள்:

"மேடம்! கீழ நாலு உள்ளவங்க ரெண்டு பேரு, மேல ஒண்ணும் மூணும், நாலோட பொதுக் காரணி இல்லாதவை. அதுதானே ஃபை(4)?"

"அதேதான்."

"அப்ப ஒவ்வொரு கூட்டமும் ஒரு காரணியோட ஃபை. மொத்தம் நாங்க பன்னெண்டு பேருதானே, வேற எப்படி வரும்!"

"தொண்ணூத்தேழுக்கு?" வெற்றிச்செல்வி எழுந்தே நின்றுவிட்டார்.

"அது பகா எண்ணுங்க மேடம்," என்றான் ஜன்னலோர விக்கி. "தொண்ணூத்தாறு பேரு ஒரே கூட்டம். கடைசி ஆளு மட்டும் ஒண்ணாகித் தனியா நிப்பான். சரியா வருது!"

வகுப்பே மேசையைத் தட்டியது. மணி அடித்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. "மேடம், முப்பதுக்குப் போடலாம்!" என்று முப்பது பேர் முன்னால் வரப் பார்த்தார்கள்.

வெற்றிச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜெயசித்ராவின் கையைப் பிடித்தார்.

"எப்ப வந்து சேர்றீங்க?"

"நாளைக்கே வந்துடுறேங்க மேடம்," என்றவள், சிரித்துக்கொண்டே முப்பது பின்னங்களை எழுதத் திரும்பினாள்.