பீச்சாங்கைக் கீறல்

கார்குழலியின் மூன்று கூண்டுகளில் இரண்டில் புழு நெளிந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் ஒரு ஈ கூட இல்லை. புழுவைப் பார்த்து முகம் மலர்வதும், சுத்தமாகக் கிடந்த கூண்டைப் பார்த்துப் பதறுவதும் உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்? தடய அறிவியலும் குற்றவியலும் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிற கார்குழலிக்கு வாய்த்தது.

விஷயம் இதுதான். எங்கேயாவது ஒரு பிணம் கிடைத்தால், ஆள் செத்து எத்தனை நாளாயிற்று என்று அதில் ஊரும் புழுவின் வளர்ச்சியை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் புத்தகத்தில் இருக்கிற கணக்கெல்லாம் ஏதோ குளிர் தேசத்து ஈக்களுக்கு. திருவொற்றியூர் ஈ இந்த உப்புக் காற்றில் எப்போது வரும், எப்போது முட்டையிடும் என்று எவனும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்துவிடுவது என்று கார்குழலி இறங்கினாள். மனித உடம்புக்குப் பதிலாகப் பன்றித் தொடை. புளியந்தோப்பில் வாங்கிவந்து, காக்காயும் பூனையும் நுழையாதபடி கம்பிவலைக் கூண்டுகளில் போட்டுத் தன் வீட்டு மொட்டை மாடியிலேயே வைத்துவிட்டாள். ஒன்று தண்ணீர்த் தொட்டி நிழலில், ஒன்று வெயிலில், ஒன்று நேராகக் கடல் காற்று அடிக்கிற கைப்பிடிச் சுவர் ஓரமாக. கடல் ஓரத்துக் கூண்டுதான் ஆய்வுக்கே உயிர்.

நாற்றம் அடிக்காதா என்று கேட்பீர்கள். அடிக்கத்தான் அடித்தது. ஆனால் மணலி ஆலைகள் பக்கத்துக் காற்றென்றால் ஒரு நாற்றம், கடல் பக்கத்துக் காற்றென்றால் இன்னொன்று, மாடிக்கு மாடி காய்கிற கருவாடு தனி. அந்தக் குப்பத்தில் இதை யார் கண்டுபிடிப்பது? அந்த தைரியத்தில்தான் அவள் வீட்டில் எதையும் விளக்கவில்லை. "காலேஜ் கூண்டு, யாரும் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிணம், புழு என்று ஆரம்பித்தால் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்று பயம்.

முந்தின நாள் காலையில் கூண்டுகளைப் பார்த்துவிட்டுக் கருத்தரங்குக்குப் பாண்டிச்சேரி போனவள் இன்று மாலைதான் திரும்பினாள். போகும்போது கடல் ஓரத்துத் தொடையில் ஈ முட்டை வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. இப்போது பார்த்தால், முட்டை போன இடம் தெரியவில்லை. தொடை முழுக்க அழகாகக் கீறல் போட்டு, கீறலுக்குள் மஞ்சளும் கல்லுப்பும் அடைத்து, சும்மா பளபளவென்று இருக்கிறது.

"அடிப்பாவி, யாரோ மசாலா தடவி வெச்சிருக்காங்கடி" என்றாள் ரிஃபானா. கல்மண்டபத்துப் பெண், கார்குழலியின் வகுப்புத் தோழி. பன்றிக் கறி என்பதால் கூண்டைத் தொடமாட்டாள், ஆனால் படம் எடுக்க மட்டும் எப்போது கூப்பிட்டாலும் வந்துவிடுவாள். "பேசாம பூனை கடிச்சிருச்சுன்னு எழுதிரு."

"எந்தப் பூனைடி உப்பு போடும்?"

அங்கேயே பேராசிரியர் வேலப்பனுக்குப் போன் போட்டாள். அவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார். "யார் போட்டாங்க, எப்போ போட்டாங்க, எவ்வளவு போட்டாங்க? போட்டவங்களே வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டா, உப்பு பட்ட சதையில ஈ என்ன பண்ணுதுன்னு ஒரு அத்தியாயமா வெச்சுக்கலாம்மா. இல்லேன்னா அந்தக் கூண்டு குப்பை. திரும்பப் பண்ண டைம் இல்ல, மாசக் கடைசியில வைவா. அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் தடய அறிவியல் கூடத்தில் அவளுக்காக வைத்திருக்கும் பயிற்சி இடம் இந்த வருஷம் முடிக்கிற வேறு யாருக்கோ போய்விடும். கார்குழலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சம்பவ இடம் கெட்டுவிடும் என்று துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

கத்தி இறங்குகிற இடத்தில் கீறல் ஆழமாக இருக்கும், எடுக்கிற இடத்தில் மெலிந்து வாலாக முடியும். முதல் பருவத்திலேயே நடத்திய பாடம். கூண்டுக்குக் கதவு ஒரே பக்கம், பின்னால் சுவர். ஆக, ஆள் நின்ற இடத்தில் சந்தேகமே இல்லை. கீறல்கள் எல்லாமே வலப்பக்கம் ஆழமாகத் தொடங்கி இடப்பக்கம் மெலிந்து முடிந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. வலக்கைக்காரர் இழுத்தால் இடமிருந்து வலமாக ஓடியிருக்கும். இது இடக்கைக்காரர். கத்தி பழகிய கை.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் ரிஃபானா.

கார்குழலி கூண்டுக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். காசிமேட்டில் மீன் வாங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். வஞ்சிரத்தை ஒரே சீராகத் துண்டு போட வேண்டுமா, பீச்சாங்கை பவுனம்மாவிடம் போ என்று. பவுனம்மாள் அவளைப் பெற்ற தாய்.

அந்தப் பவுனம்மாள் இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு சந்துக்கே கேட்கும்படி நின்றாள். "எவடீ அவ? எம்பொண்ணு காலேஜ் சாமான்ல கை வெச்ச கய்தே? அவ கை வெளங்குமா? வாயத் தொறந்து சொல்லுங்கடீ!"

எதிர் வீட்டுக் கெங்கம்மா தலையை நீட்டினாள். "எங்கள இன்னாத்துக்குக் கேக்குற பவுனு? உம் வூட்டு மாடிக்கு நாங்க எப்டி வர்றது?"

அம்மா தானாக ஒப்புக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று கார்குழலிக்குத் தோன்றியது. "கீறினவங்க இடது கைக்காரங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். "கீறல் சொல்லுது."

பவுனம்மாளின் இடது கை தானாகச் சேலைக்குள் போயிற்று.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். பிறந்ததிலிருந்து இடது கையால் எல்லாம் செய்த மனுஷி, அந்த நிமிஷத்திலிருந்து வலது கைக்காரியாகிவிட்டாள். வலது கையால் டீ ஆற்றிப் பாதியைத் தரையில் ஊற்றினாள். கதவைப் பூட்டப் போய்ச் சாவியைச் சாக்கடையில் போட்டாள். மறுநாள் கடையில் வலது கையால் சங்கரா மீன் வெட்டி, ஒரு துண்டு தடியும் ஒரு துண்டு மெல்லிசுமாகக் கொடுத்தாளாம். "இன்னா பவுனம்மா, ஒடம்பு கிடம்பு செரியில்லியா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு, "இந்தக் கைதான் ராசின்னு டாக்டர் சொல்லிகிறாரு" என்று பதில் வேறு.

கார்குழலிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனபோது, "எம்பொண்ணு படிக்கட்டும், உனுக்கு இன்னா?" என்று ஊரையே அடக்கியவள் அம்மா. அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குற்றவாளி நீதான் என்று எப்படி எழுதி வாங்குவது? ஒரு வருஷம்தானே, போகட்டும். போனை எடுத்து வேலப்பனைக் கூப்பிட்டாள்.

"சார், யாருன்னு தெரியல சார். நான் அடுத்த வருஷமே..."

பின்னால் டம்ளர் தரையில் விழுந்தது. திரும்பினால் அம்மா. டீ கொண்டுவந்திருக்கிறாள், வலது கையில்.

"இன்னாடீ அடுத்த வருசம்? இன்னாத்துக்கு அடுத்த வருசம்?"

"ஒண்ணுமில்லம்மா. அந்த உப்பு யார் போட்டதுன்னு தெரிஞ்சாதான் இந்த வருஷம் முடிக்க முடியும்."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடீ? நான்தான்னு புடிச்சா ஒன்ன ஃபெயிலாக்கிடுவாங்கன்னு நான் பயந்துகினு, சோத்தைக் கூட இந்த எழவு கையில துன்ன முடியாம பேஜாரு பட்டுகினு கீறேன்!" சோற்றைக் கூடவா என்று கார்குழலி வாயைப் பிளந்தாள். பவுனம்மாள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நான்தான் கொயலு. கருவாடு திருப்பிப் போட மேல போனேன். நல்ல கறி, ஈ மொய்க்குது. மத்த ரெண்டும் கைமீறிப் போச்சு. இது ஒண்ணு தேறும்னு கூண்டுக்குள்ளயே தண்ணி ஊத்திக் கழுவி, கீறி உப்பு போட்டேன். மீனு மீந்தா உப்புல போடுற கைடீ இது, கண்ணெதிர்ல கெட்டுப் போறதப் பாத்துகினு சும்மா கெடக்குமா?"

"தொடாதீங்கன்னு சொன்னேனேம்மா."

"கூண்டத் தொடாதேன்னுதானே சொன்ன? கறியச் சொன்னியா? நான் ஆட்டுத் தொடைன்னு..."

"பன்னிம்மா அது."

பவுனம்மாள் அழுகையை அப்படியே நிறுத்தினாள். இடது கையை ஒரு முறை பார்த்தாள். "அய்யய்ய, கலீஜு!" என்று குழாயடிக்கு ஓடினாள். போனில் இன்னும் இருந்த வேலப்பன் விழுந்து விழுந்து சிரிப்பது வெளியில் கேட்டது.

வாக்குமூலம் ரிஃபானா முன்னிலையில் நடந்தது. எப்போது என்றதற்கு, கார்குழலி திரும்பி வந்த அன்று மத்தியானம், கம்பெனிச் சங்கு ஊதினபோது என்றாள் பவுனம்மாள். எவ்வளவு என்றதற்கு, அதே உப்பை அதே கையால் அள்ளிக் காட்டினாள், ரிஃபானா எடை போட்டுக்கொண்டாள். கடைசியில் இடது கையால் பவுனம்மாள் என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கார்குழலி விடாமல் மூன்றாவது கூண்டையே கவனித்தாள். ஈ வந்தது, உட்கார்ந்தது, கிளம்பிப் போனது. ஒரு வாரம் கழித்துத்தான், உப்பு எட்டாத எலும்பு ஓரத்தில் முட்டை விழுந்தது. பிணத்தை உப்பில் புதைத்துப் போலீஸின் கணக்கைக் குழப்ப ஒருத்தன் நினைத்தால் எவ்வளவு தூரம் குழப்ப முடியும் என்று அதில் தெரிந்தது. வேலப்பன் போனிலேயே துள்ளினார்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லூர்து மேரி கண்டிப்பான அம்மாள். எல்லாம் கேட்டுவிட்டு, "இந்தச் சாட்சி நிஜமா, இல்ல கூண்டு கெட்டதை மறைக்க நீயே ஜோடிச்சதா?" என்றார். கார்குழலி வராந்தாவைக் காட்டினாள். கடைக்கு லீவு விட்டுவிட்டுப் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் பவுனம்மாள். உள்ளே கூப்பிட்டார்கள்.

"உப்பு போட்டது நீங்கதானா?"

"நான்தான் மேடம். இந்தக் கை." இடது கையை உயர்த்திக் காட்டினாள்.

"பெத்த பொண்ணே கண்டுபிடிச்சு எழுதிட்டாளே, கோபம் வரலையா?"

"எங்க மேடம் எழுதுனா? கண்டுபிடிச்சா, அது வாஸ்தவம். கண்டுபிடிச்சிட்டு எனக்காவ யாருன்னு தெரியலன்னு பொய் சொல்லிட்டா. சார்கிட்ட போன்லயே சொன்னா, என் காதாலயே கேட்டேன்."

"ம்மா!" என்றாள் கார்குழலி. வேலப்பன் கூரையைப் பார்த்தார்.

"சும்மா இருடீ. நாளைக்கு எவனோ ஒருத்தன் வூட்டுப் பொணத்துக்கு இவ சாட்சி சொல்லணும் மேடம். அம்மா, மாமான்னு பாத்தா ஆவுமா? அந்தப் பொய்க்கு எவ்ளோ மார்க்கோ, அத கொறச்சுக்குங்க. மீதிய குடுத்துடுங்க."

லூர்து மேரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. கார்குழலிக்கு மட்டும் முகம் எரிந்தது. அம்மா சொன்னது சரி என்பதால் எரிந்தது.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். நூற்றுக்கு ஒன்று குறைந்திருந்தது. அது எதற்கு என்று அவள் யாரையும் கேட்கவில்லை. தடய அறிவியல் கூடத்தில் கார்குழலி சேர்ந்த முதல் நாள், காசிமேட்டில் பவுனம்மாள் பெரிய வஞ்சிரம் ஒன்றைப் பலகையில் போட்டு இடது கையால் சதக் சதக்கென்று துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். "கை சரியாப் போச்சா பவுனம்மா?" என்று பழைய வாடிக்கைக்காரர் கேட்டார்.

"ஆச்சு நைனா" என்றாள் அவள். "எம்பொண்ணு சரி பண்ணிட்டா."