விறகுக்குக் கட்டம் கிடையாது

மான் வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் மெஷின் மார்லிஸின் தூண்டில் கடையில், புழு டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை சீசன் தொடக்கம். திங்கட்கிழமை சாயங்காலமே எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். என் மகள் பிரென்னா கடைக்குள்ளேயே ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு போட்டுக்கொண்டு என்னை ஒட்டி நின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, இதுதான் முதல் வேட்டை.

"கர்ட், மெஷின் உன்னை வேணாங்குதுடா" என்றாள் மார்லிஸ்.

"போன வருஷம் தப்பிச்ச மான் கேஸ் போட்டிருச்சு போல" என்று பின்னால் ஒருத்தன் சொல்ல, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மார்லிஸ் மறுபடி தட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினாலும் வாசலில் நிற்கிற வண்டிக்குக் கேட்கும். "கவுண்டி ஆபீஸ்ல தடை போட்டிருக்காங்க. பிள்ளைப்பணம் பாக்கின்னு காட்டுது. எங்கிட்ட கோவப்படாதே, நான் வெறும் பொத்தானை அமுக்கறவ."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிரென்னா புழு டப்பாக்களின் விலையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் பாக்கி வைக்கிறவன் இல்லை. பிரென்னாவின் அம்மா டானாவும் நானும் பிரிந்து ஐந்து வருடம் ஆகிறது. பிள்ளையை வளர்க்க மாதாமாதம் அவளுக்குக் கட்டச் சொல்லி கோர்ட் சொன்ன அறுநூற்று நாற்பது டாலரை இந்தப் பிப்ரவரி வரை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. சொந்த லாரி வைத்து மரம் ஏற்றிக் காகித ஆலைக்கு அடித்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஆலையை மூடினார்கள். ஏப்ரலில் பேங்க்காரன் லாரியை ஓட்டிக்கொண்டு போனான். சொந்தத் தொழில்காரனுக்கு வேலையில்லாதோர் படியும் கிடையாது.

அதற்கு முன்பே, மார்ச்சில் டானாவின் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். "கால் ஊனிக்கற வரைக்கும் பணத்தை விடு. கூரை ஒழுகுது, அதைப் பாரு" என்றாள் அவள். கை குலுக்கினோம். எங்கள் பக்கத்தில் கை குலுக்கினால் முடிந்தது. மரம் வாங்குகிறோம், நிலம் குத்தகைக்கு விடுகிறோம், யாரும் தாளைத் தேடுவதில்லை. அவள் கூரையை மாற்றிக் கொடுத்தேன். குளிர் முழுவதற்கும் விறகு பிளந்து அடுக்கினேன். என் ஃப்ரீசரில் இருந்த மான்கறியில் பாதிக்கு மேல் அவள் வீட்டுக்குப் போனது. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மறுநாள் காலை, எங்கள் மாவட்டத்துக் கவுண்டி அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவள். திட்டுவதற்குக்கூட இடம் கொடுக்காத நல்லவள்.

"வருமானம் நின்னதும் மனு போட்டீங்களா?"

"என் மனைவி... முன்னாள் மனைவிகிட்ட சொன்னேங்க. அவ சரின்னா."

"அவங்க சரின்னா போதாதுங்க. கோர்ட் மாத்தற வரைக்கும் பழைய தொகைதான் ஓடும். இப்ப மனு போடுங்க, ஜட்ஜ் குறைப்பாரு. ஆனா இன்னையிலிருந்துதான். போன எட்டு மாசத்தைத் தொட ஜட்ஜாலயே முடியாது."

எனக்கு வருமானமே இல்லாத எட்டு மாதமும் என் பெயரில் அறுநூற்று நாற்பது, அறுநூற்று நாற்பது என்று ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் கூரைமேல் ஆணி அடித்துக்கொண்டிருந்த நாளிலும் ஏறியிருக்கிறது.

"லெட்டர் மூணு அனுப்பினோமே" என்றாள். காலி செய்துவிட்டு வந்த பழைய வாடகை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முகவரி மாற்றத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை உங்க டிரைவிங் லைசென்ஸும் நின்னுடும். அதுக்குள்ள ஆயிரத்து இருநூறு கட்டி, மீதியைத் தவணையில கட்டறதாக் கையெழுத்துப் போட்டா அதைத் தடுத்துடலாம்."

அடுத்த திங்கட்கிழமை பால் டேங்கர் ஓட்ட எனக்கு வேலை கிடைத்திருந்தது, எட்டு மாதத்தில் முதல் வேலை. லைசென்ஸ் போனால் வேலை போகும். வேலை போனால் பாக்கி ஏறும். பாக்கி ஏறினால் லைசென்ஸ் திரும்பி வராது. ஆப்பசைத்த குரங்குக்காவது தான் அசைத்த ஆப்பு எது என்று தெரிந்திருக்கும்.

"டானாவே பாக்கியை மன்னிச்சுட்டா?"

"அவங்க பங்கை மன்னிக்கலாம். ஆனா ஜூலையிலிருந்து நாலு மாசம் அவங்க அரசு உதவி வாங்கியிருக்காங்க. அந்த நாலு மாசப் பாக்கி அவங்களுக்கு இல்ல, அரசாங்கத்துக்கு."

டானா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நான் கத்தவே தயாராக இருந்தேன். அவள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துச் சீருடையில் வெளியே வந்தாள்.

"உதவி வாங்கினியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஜூலைல எனக்குப் பாதி ஷிஃப்டை வெட்டிட்டாங்க கர்ட். பிள்ளைக்குப் பல்லுக்குக் கம்பி போடணும், கரண்டு கட்டணும். உங்கிட்ட சொன்னா? ரத்தத்தை வித்துக்கூடக் கொண்டு வந்திருப்பே. அதான் சொல்லல."

"என்னைப் பத்தி என்ன எழுதினே?"

"'தகப்பன் பணம் கட்டறாரா'ன்னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு எழுதினேன். கட்டலைதானே? விறகு கொடுத்தாரு, கூரை போட்டாருன்னு எழுத அதுல கட்டம் இல்லை கர்ட். தேடிப் பார்த்தேன்."

அவள் அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை, நானும் ஏமாற்றவில்லை. ஒரு நல்ல எண்ணத்துக்கு இவ்வளவு அபராதமா என்று கேட்க ஒரு ஆள்கூட அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அறைந்திருப்பேன். டானாவிடமும் பணம் கிடையாது, கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமைக்குள் மரம் அறுக்கும் ரம்பத்தை விற்றேன். என் துப்பாக்கியை மார்லிஸே வாங்கிக்கொண்டாள். அவள் கொடுத்தது நியாயமான விலைதான். எல்லாம் சேர்த்தும் முந்நூற்றைம்பது குறைந்தது. வேலைக்குப் போக வேண்டிய வண்டியைத் தவிர, விற்க என்னுடையதென்று வேறெதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து பிரென்னா என் வீட்டு வாசலில் இறங்கினாள். நேராக உள்ளே போய், அலமாரியில் பூட்டியிருந்த நீளமான உறையைக் காட்டினாள். போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த சின்னத் துப்பாக்கி. ஒரு தடவைகூட மானைக் குறி பார்த்ததில்லை.

"இதையும் வித்துருப்பா."

"வாயை மூடு. அது உன்னோடது."

"அம்மா எல்லாத்தையும் சொன்னா. லைசென்ஸ் இல்லாட்டி நீ எப்படி வேலைக்குப் போவே? என்னைக் கூட்டிட்டுப் போக எப்படி வருவே?" அலமாரிச் சாவிக்காகக் கையை நீட்டினாள். "மான் அடுத்த வருஷமும் இருக்கும்ல."

வேண்டாம் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. ஒரு தகப்பன் சொல்லாமல் விட்ட அந்த மூன்றாவது தடவைக்காக எனக்கு இன்றுவரை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அவள் துப்பாக்கியை விற்ற காசையும் சேர்த்துப் பணத்தைக் கட்டினேன். அந்த நல்ல பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "உங்க லைசென்ஸுக்கு இனி பயமில்லைங்க. வேட்டைத் தடையையும் எடுத்துட்டேன். நாளைக்கே நீங்க காட்டுக்குப் போகலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ரசீதை வண்டியில் உட்கார்ந்துதான் படித்தேன். ஆயிரத்து இருநூறு டாலர் என்று இருந்தது. கட்டியவர் என்ற இடத்தில் என் பெயர். எந்தக் குழந்தையின் பராமரிப்புக்காக என்ற இடத்தில் பிரென்னாவின் பெயர்.