அகதி ஒருவரும் இல்லாத ஊர்

அந்த ஊரில் அகதி என்று ஒருவர்கூட இல்லை என்பதைத் தர்ஹாத்தாவால் நம்ப முடியவில்லை.

பட்டணத்தில் சண்டை மூண்டதிலிருந்து லனாவ் ஏரியைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்குப் போய், ஓடிவந்தவர்கள் எங்கே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்வது அவள் வேலை. அதைப் பார்த்துத்தான் நிவாரண அலுவலகம் தண்ணீர் லாரி அனுப்பும். மலைச்சரிவிலிருந்த இந்த ஊருக்கு லாரி வராமல் முடியாது. கிணற்றில் வாளியை விட்டுப் பார்த்தாள். சேறுதான் வந்தது.

ஆனால் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரே பதில். "அகதியா? இங்க யாரும் இல்லம்மா. பள்ளிவாசல்ல கேட்டுப் பாரு." பள்ளிவாசலிலோ, "வீடுகள்ல கேளு" என்றார்கள்.

அப்படியானால் கொடிகொடியாகக் காயும் இத்தனை மலோங், இடுப்பில் சுற்றும் இந்தத் துணியெல்லாம், யாருடையது? ஒமேரா என்பவளின் வீட்டுப் படியடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வயலுக்குப் போகிறவர்களின் ரப்பர் செருப்புகளுக்கு நடுவே குதி உயர்ந்த வெள்ளி நிறச் செருப்பு ஒரு ஜோடி. இந்த மலையில் அதைப் போட்டுக்கொண்டு யார் ஏறியிருப்பார்கள்?

சலாம் சொல்லி உள்ளே போனாள். கூடம் நிறையப் பெண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒமேராவை ஊரே பாபோ, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடும்.

"இவங்கல்லாம் யாரு, பாபோ?"

"விருந்தாளிங்க."

"எப்ப வந்தாங்க?"

"விருந்தாளி வந்த தேதிய யாராவது குறிச்சு வெப்பாங்களா?"

"எப்ப திரும்பிப் போவாங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுவரோரம் இருந்த இளம்பெண் ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டிலிருந்த மீனையே பார்த்தாள்.

"நல்லா கேட்ட போ," என்றாள் பாபோ மெதுவாக. "சோத்துல கை வெச்சிருக்கறப்பவா இதக் கேப்ப?"

தர்ஹாத்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சொந்தக்காரர்களை அகதி என்று சொன்னால், நிவாரண அரிசிக்காக வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று ஆகிவிடும். வந்தவர்களுக்கு வீடில்லை என்று ஊரறியச் சொன்னதாகவும் ஆகும். யார்தான் வாய் திறப்பார்கள்?

கேள்வியை மாற்றினாள். "காலைல எத்தன பேருக்கு சோறாக்கினீங்க, பாபோ?"

பாபோவின் முகம் மலர்ந்தது. "பத்தொம்பது பேரு. எல்லாருக்கும் மீனு, இஞ்சி மொளகா அரைச்ச பலாபா துவையலோட."

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல். "பத்தொம்பதுக்கே இவ்ளோ பெருமையா? எங்க வீட்ல முப்பது."

"முப்பதா? உன் பானைச் சோறு ரெண்டு பூனைக்கே பத்தாது."

அவ்வளவுதான். செய்தி தர்ஹாத்தாவுக்கு முன்னால் ஓடியது. அடுத்த வீட்டில் நாற்பது, அதற்கடுத்ததில் ஐம்பது. தெருக்கோடி போவதற்குள் பட்டணமே இந்த மலைக்கு ஏறி வந்துவிட்டதுபோல் ஆயிற்று. யாரும் இல்லை என்று சொன்னால் லாரி வராது. இந்தக் கணக்கைச் சொன்னாலோ அலுவலகத்தில் சிரிப்பார்கள், அப்போதும் லாரி வராது.

யோசித்துக்கொண்டே முதலிலிருந்து மறுபடி நடந்தாள். இந்த முறை வீட்டுக்காரர்களை விட்டுவிட்டாள். "நீங்க இந்த வீட்டுக்கு என்ன உறவு?" என்று வந்தவர்களையே ஒவ்வொருவராகக் கேட்டாள்.

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. "பாபோவோட அப்பாவும் எங்க தாத்தாவும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி," என்று தொடங்கினாள் அந்த இளம்பெண். ஏழு தலைமுறைக்குப் போய்த்தான் நிறுத்தினாள். வெள்ளிச் செருப்பு அவளுடையதுதான், கல்யாண வீட்டிலிருந்து அப்படியே ஓடிவந்தவள். உறவு சொல்லும்போது அவள் குரலில் கூச்சமே இல்லை.

இல்லாத விருந்தாளிக்கு வம்சம் சொல்ல ஒரு வீட்டாலும் முடியவில்லை. முப்பது பதின்மூன்றாகச் சுருங்கியது. ஐம்பது, மழுப்பலான ஒரு சிரிப்போடு எட்டானது. அப்படியும் ஊர்க்காரர்களைவிட வந்தவர்களே அதிகம்.

பாபோ வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நாளைக்கே லாரி வரும் என்றார்கள்.

"நீ எங்கம்மா தங்கியிருக்க?" என்று கேட்டாள் பாபோ.

"கீழூர்ல, சின்னம்மா வீட்ல."

"உன் வீடு?"

"பட்டணத்துல. சந்தைக்குப் பின்னாடி." கொஞ்சம் நிறுத்தி, "இருந்துச்சு," என்றாள்.

"சின்னம்மா வீட்ல யாரு விசாரிச்சா?"

"நான்தான்."

"எத்தன பேருன்னு சொன்ன?"

"ஒருத்தரும் இல்லன்னு," என்றாள் தர்ஹாத்தா. பாபோ விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள்.

தர்ஹாத்தா மறுபடியும் போனை எடுத்தாள். "கீழூர் கணக்குல ஒரு ஆள் கூட்டிக்கங்க," என்றாள்.

"யாரு அது?" என்றார்கள் அலுவலகத்தில்.

"எங்க சின்னம்மாவோட விருந்தாளி," என்று சொல்லிவிட்டு, சோற்றைப் பிசைந்தாள்.