நாலு பேர் பார்த்த மூச்சு

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அமிர்தவள்ளி சிஸ்டருக்கு அது இருபத்தேழாவது வருஷம். மயக்க மருந்து டாக்டரின் பக்கத்தில் நிற்பது அவர் வேலை. நோயாளிக்கு மூச்சு தடுமாறினால், டாக்டர் வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவார். விளக்கு பொருத்திய வளைந்த தகட்டால் நாக்கை ஒதுக்கி, குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி உள்ளே பார்ப்பார். சிஸ்டர் டியூபைக் கையில் கொடுத்துவிட்டு, நோயாளியின் கழுத்தில் குரல்வளை மேட்டை விரல்களால் பிடித்துக்கொள்வார்.

"கொஞ்சம் வலது பக்கம் சிஸ்டர். இன்னும். கீழ அமுக்குங்க."

டாக்டர் சொல்லச் சொல்ல அவர் நகர்த்துவார். உள்ளே தெரிவது டாக்டர் ஒருவருக்குத்தான். ஆயிரக்கணக்கான கழுத்துகளை அமுக்கியிருந்தும், எதை நகர்த்துகிறோம் என்று அமிர்தவள்ளி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. வேலை அப்படித்தான் இருந்தது.

2008 டிசம்பரில் அந்த மயக்க மருந்து டாக்டர் இன்பசேகரன் ஒரு புதுக் கருவியை அவசரப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் வைத்த கம்பியின் மேல் கையகலத்தில் ஒரு திரை. அதிலிருந்து ஒரு ஒயர் இறங்கி வளைந்த தகட்டில் முடிந்தது. தகட்டின் நுனிக்குப் பக்கத்தில் மிளகளவு கேமரா. சென்னைக் கம்பெனிக்காரர் பதினைந்து நாள் பயன்படுத்திப் பார்க்கக் கொடுத்திருந்தார்.

"இன்னா சார் இது, குட்டி டிவி மாதிரி?" என்றார் டெக்னீஷியன் நெல்வின்.

"இதுல தலையைச் சாய்க்காமலே உள்ள பார்க்கலாம்பா. கண்ணு நுனியிலயே இருக்குல்ல" என்றார் டாக்டர்.

பயிற்சிக்கான ரப்பர் பொம்மையின் வாயில் விட்டுக் காட்டினார். திரையில் ரப்பர் தொண்டை தெரிந்தது. அமிர்தவள்ளி எட்டிப் பார்த்துவிட்டு, ஊசி மருந்துகளை எண்ணப் போய்விட்டார்.

நான்காம் நாள் காலை ஏழரை மணிக்கு, மாதனூர்ப் பக்கமிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி வந்த பஸ்ஸின் முன் டயர் வெடித்து, பஸ் சாலையோரப் புளியமரத்தில் மோதியது. பெரும்பாலானவர்களுக்குச் சிராய்ப்புதான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அஃப்ஷாவின் முகம் மட்டும் கம்பியில் அடிபட்டிருந்தது. இருபத்திரண்டு வயது, மெஷின் தையல் பிரிவில் வேலை. அதே பஸ்ஸில் பின்னால் இருந்த அவள் அம்மா அன்வரி பேகம், நெற்றியில் வழிந்த தன் ரத்தத்தைத் துடைக்காமல் ஸ்ட்ரெச்சருடனே வந்தார்.

"பேசிக்கினேதான் வந்தா சிஸ்டரம்மா. பாதி வழில நிறுத்திட்டா" என்றார்.

தாடை உடைந்திருந்தது. வாய் முழுக்க ரத்தம். கழுத்து எலும்பிலும் விரிசல் இருக்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றியது. விரிசல் இருந்து, தலையைப் பின்னால் சாய்த்தால் தண்டுவடம் நசுங்கிவிடும். கையும் காலும் ஆயுசுக்கும் அசையாமல் போகலாம். ஆனால் பழைய கருவியில் தலையைச் சாய்க்காமல் எதுவும் சரியாகத் தெரியாது.

அன்வரி பேகத்தை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தும் மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் எண்பத்தி நாலு, எண்பத்தி ஒண்ணு என்று இறங்கியது. மானிட்டரின் சத்தமும் கூடவே தாழ்ந்துகொண்டிருந்தது.

"நெல்வின், தலையை ரெண்டு பக்கமும் புடி. ஒரு நூல்கூட அசையக் கூடாது. ரெனிட்டா, கத்தி செட்டைப் பிரிச்சு வை. இது ஒரு தடவைதான். ஆகலைன்னா கழுத்துல துளை போட்ருவோம்."

இளம் நர்ஸ் ரெனிட்டா கத்தியைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் புதுக் கருவியை எடுத்தார். அமிர்தவள்ளி வழக்கம்போல் ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, கழுத்தில் விரல் வைத்தார்.

தகடு உள்ளே போனதும் திரை சிவப்பாகிவிட்டது. கேமராவில் ரத்தம். டாக்டர் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி நாக்கின் நடுவிலேயே மெதுவாக இறக்கினார். சிவப்பு விலகியது.

முதலில் நாக்கின் அடி, பிறகு இலை நுனிபோல் மடிந்த ஒரு தசை. அதைத் தாண்டி அமிர்தவள்ளி பார்த்தார். உரித்த நுங்கின் நிறத்தில், ஈரப் பளபளப்போடு, இரண்டு மெல்லிய பட்டைகள். நடுவில் ஒரு கறுப்பு இடைவெளி. அஃப்ஷாவின் மார்பு லேசாக ஏறியபோது பட்டைகள் விலகின. இறங்கியபோது நெருங்கின.

இருபத்தேழு வருஷமாக விரலுக்கு அடியில் இருந்தது இதுதான். அஃப்ஷா பேசிய பேச்சு, போட்ட சண்டை, அழுத அழுகை எல்லாம் இந்தக் கீற்று வழியாகத்தான் வந்திருக்கிறது. சுற்றிலும் அத்தனை ரத்தம் இருந்தும் அது பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"டியூப்."

கொடுத்தார். டியூபின் நுனி திரைக்குள் வந்து, பட்டைகளுக்குப் பின்னால் இருந்த மேட்டில் இடித்து வழுக்கியது. மறுபடி இடித்தது. வாசல் கண்ணெதிரே தெரிகிறது, டியூப் மட்டும் ஏறவில்லை. எழுபத்தி ஆறு. ரெனிட்டா கத்தியைக் கையில் எடுத்தாள்.

டாக்டர் சொல்லக் காத்திராமல் அமிர்தவள்ளி தன் விரல்களைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார். திரையில் அந்த வாசல் தூரப் போனது. வலது பக்கம் கொண்டுவந்தார், அது திரும்பி வந்தது. மெல்லக் கீழே அமுக்கினார். இரண்டு பட்டைகளும் சரிந்து இறங்கி, டியூபின் நுனிக்கு நேராக வந்து நின்றன. தன் விரல் செய்வதைத் தானே உள்ளே நின்று பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு.

"அப்படியே இருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர், கிசுகிசுப்பாக.

அடுத்த மூச்சுக்குப் பட்டைகள் விலகின. டியூப் நழுவி உள்ளே போனது. அந்த அறையில் இருந்த நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

நெல்வின் தலையைப் பிடித்த கையை விடவேயில்லை. ரெனிட்டா டியூபில் மாட்டிய காற்றுப் பையை அழுத்த, அஃப்ஷாவின் மார்பு இரண்டு பக்கமும் சமமாக உயர்ந்தது. எண் ஏறத் தொடங்கியது. எண்பத்தி எட்டு, தொண்ணூத்தி மூணு, தொண்ணூத்தி எட்டு.

டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இத்தனை வருஷமா இதை நான் மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். வலது, இடதுன்னு கத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு நான் சொல்லவே இல்லையே சிஸ்டர்."

"தெரிஞ்சுது சார். அதான்" என்றார் அமிர்தவள்ளி. கையுறையைக் கழற்றினார்.

வெளியே போய் அன்வரி பேகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூச்சு ஓடுது. வேலூருக்கு அனுப்புறோம். அங்க கழுத்தைப் பார்ப்பாங்க" என்றார். அன்வரி பேகம் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அப்படியே இருக்கவிட்டு, இன்னொரு கையால் அமிர்தவள்ளி அவர் நெற்றிக் காயத்தில் பஞ்சை வைத்தார்.

வேலூரில் எடுத்த படத்தில் கழுத்தின் இரண்டாவது எலும்பில் விரிசல் தெரிந்தது. தண்டுவடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனிக்காரர் பதினைந்து நாள் முடிந்ததும் வந்து கருவியை எடுத்துப் போனார். ஆஸ்பத்திரி சொந்தமாக ஒன்று வாங்க இரண்டு வருஷம் ஆனது. அதுவரை டாக்டர் பழையபடி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிஸ்டரும் பழையபடி அமுக்கினார். ஆனால் இப்போது விரலை வைத்ததும் அவர் கண்ணுக்குள் அந்த வெள்ளைப் பட்டைகள் வந்துவிடும்.

ஏப்ரலில் அஃப்ஷா வந்தாள். கழுத்துக்குப் போட்டிருந்த பட்டையைக் கழற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. தாடையில் தழும்பு.

"நீங்க என் தொண்டைய டிவில பார்த்தீங்களாமே? நெல்வின் அண்ணன் சொன்னாரு."

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அமிர்தவள்ளி யோசித்தார். நாலு மாசமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். கடைசியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு விலக்கிக் காட்டினார்.

"இவ்ளோதான் இருந்துச்சும்மா. இத்துனூண்டு வழி."

அஃப்ஷா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கம்பெனியில் தன்னை அதிகம் குனியாமல் செய்யும் செக்கிங் வேலைக்கு மாற்றப்போவதாகவும், தனக்குத் தையல் மெஷினே வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னதாகவும் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள்.

"ஜாஸ்தி பேசாதடி, தொண்டை வலிக்கும்" என்றார் அன்வரி பேகம்.

"பேசட்டும் விடுங்க" என்றார் அமிர்தவள்ளி.